நூறாவது நாள், ஆறரை வண்டி

எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஐம்பத்தாறு வயதிலும் கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிறேன். விடிந்ததும் வடசேரி வரை நடந்துவிட்டு வந்து, ஒரு குழல் புட்டும் சிறுபயறும் சாப்பிட்டால் மத்தியானம் வரை வேறெதுவும் கேட்காத உடம்பு. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிறகு யாராவது, பாவம் ஜாஸ்பர், மனசு சரியில்லாமல் எதையோ உளறிவிட்டார் என்று சொல்லிவிடக் கூடாது. நல்ல உடம்போடும் தெளிந்த புத்தியோடும்தான் எழுதுகிறேன்.

விசாரணை அலுவலர் ஐயா, கொட்டாரம் டெப்போவில் துப்புரவுப் பணியாளர் லீலாபாய் மின்சாரம் தாக்கி இறந்தது குறித்த தங்கள் வரைவு அறிக்கை கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். நிதானமாக, யார் மனதும் நோகாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தரக்குறைவான சார்ஜர்களை வாங்கியதே விபத்துக்குக் காரணம் என்று ஒரு வரி இருக்கிறது. மின்பணியாளர் ஆன்றோவின் பராமரிப்பும் போதவில்லை என்கிறது அடுத்த வரி. ஆகவே இரண்டாம் கட்டமாக நாற்பது மின்சாரப் பேருந்துகள் வாங்கும் திட்டத்தைக் கைவிடலாம் என்று முடித்திருக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குப் புட்டு இறங்கவில்லை. லீலாபாய் செத்த அன்றுகூட நான் வயிறாரச் சாப்பிட்டவன்.

அந்தச் சார்ஜர்களைத் தேர்ந்தெடுத்தவன் நான். இருபத்தெட்டு வருஷம் டீசல் வண்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, நாஞ்சில் நகரப் பேருந்துக் கூட்டுறவுச் சங்கத்தின் தொழில்நுட்ப அலுவலராக உட்கார்ந்தவன். ஒரு டீகூட யாரிடமும் ஓசியில் வாங்கிக் குடித்ததில்லை. என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். சார்ஜரைப் பற்றித் தப்பாக எழுதாதீர்கள்.

ஓகிப் புயல் அடித்த மறு வருஷம் மானியம் வந்தது. ஆறு பேருந்து, ஆறு சார்ஜர். மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒப்பந்தம் போடாவிட்டால் திரும்பிப் போய்விடும். எங்கள் சங்கத் தலைவர் சிலுவைதாசன் வாழைக்குலை வியாபாரத்தில் பெயரெடுத்தவர். பேருந்து சம்பந்தமாக அவருக்குத் தெரிந்தது ஹாரன் மட்டும்தான். அதனால் டெண்டர் ஆவணம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வடக்கே ஒரு மலையூர் நகராட்சி தயாரித்திருந்த ஆவணம் கைக்குக் கிடைத்தது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். அதில் பயணிகள் குளிரில் நடுங்காமலிருக்க ஒவ்வொரு பேருந்திலும் இரண்டு ஹீட்டர் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதை எடுத்தால் பின்னால் வரும் எண்களெல்லாம் மாறும். விட்டுவிட்டேன். நூற்று நாற்பது பக்கத்தையும் சங்கத்துக் குழு இருபது நிமிடத்தில் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. டீயோடு வந்த பழம்பொரி ஆறிக்கொண்டிருந்தது.

ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் பொறியாளர் ஒருவர் வந்து வழித்தடத்தைப் பார்த்தார். நாகர்கோவிலிலிருந்து கொட்டாரம் வழியாகக் கன்னியாகுமரி போய்த் திரும்பும் வண்டிகள். கடற்காற்றில் உப்பு இருக்கிறதே, சார்ஜ் ஏற்றும் துளையைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டுத் தரட்டுமா, ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார். நல்ல மனுஷன். ஆனால் ஒரு வரி சேர்ப்பது என்றால் மறுபடி குழு, மறுபடி டெண்டர், மறுபடி பழம்பொரி. மார்ச் போய்விடும். வேண்டாம் என்றேன். கீரிப்பாறை மலை முழுக்க அரசாங்கமே ரப்பர் வெட்டுகிற மாவட்டத்தில், ஒரு வளையல் அளவு ரப்பர் இல்லாமல் ஆறு பேருந்து வாங்கினோம். ஹீட்டர் பன்னிரண்டு இருந்தது. ஆனி மழையில் டிரைவர்கள் அதில் சட்டை காயவைத்தார்கள்.

வண்டிகள் வந்தபோது ஊரே வாயைப் பிளந்தது. சத்தமே இல்லை. கொட்டாரம் சந்திப்பில் படுத்திருக்கும் நாய்கள், வண்டி பக்கத்தில் வந்து நிற்கும்வரை எழுந்திருக்காது. புகையில்லாத பஸ் என்று மூக்கை உறிஞ்சிப் பார்க்கவே ஆட்கள் ஏறினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

மானியம் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். முதல் நூறு நாளில் ஒரு நடைகூட ரத்தாகக் கூடாது. கால் மணி நேரம் தாமதமானாலும் ரத்துக் கணக்குதான். அப்படி ஓட்டிக் காட்டினால் நாற்பது பேருந்து வரும், திட்டத்துக்கு இயக்குநர் ஒருவரும் நியமிக்கப்படுவார். அந்த இயக்குநர் யார் என்பதில் எனக்கு அக்கறை இருந்ததில்லை. என் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். சிலுவைதாசன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஓய் ஜாஸ்பர், நூறு நாளும் ஒரு நடை விழப்பிடாது, கேட்டீரா? என்ன செய்வீரோ, எப்பிடிச் செய்வீரோ, அதை நான் கேக்கவே மாட்டேன்."

கேட்க மாட்டேன் என்றவர் கடைசிவரை கேட்கவில்லை. சொன்ன சொல் காப்பாற்றுகிற மனுஷர்.

இரண்டாவது வாரமே உப்புக்காற்று வேலையைக் காட்டியது. இங்கேதான் ஐயா சார்ஜரைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியில் எங்காவது மின்சாரம் கசிந்து உடம்புத் தகட்டுக்கு வந்தால், அந்தச் சார்ஜர் கண்டுபிடித்து, கண் மூடித் திறப்பதற்குள் தானாக அணைந்துவிடும். தொட்டவன் தப்பித்துவிடுவான். அதற்கென்று உள்ளே ஒரு காவல் கருவி உண்டு. துளைக்குள் உப்புப் படிந்து கசிய ஆரம்பித்ததும் சார்ஜர் சரியாக அணைந்தது. துடைத்து மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. அதன் கடமையை அது செய்தது. ஆனால் ஒவ்வொரு தடவை அணைந்த பிறகும் அது தன்னைத் தானே சோதித்து முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். பத்தொன்பதாம் நாள் காலையில் மட்டும் ஏழு தடவை அணைந்தது. எட்டு மணி வண்டி எட்டு பதினான்குக்குக் கிளம்பியது. ஒரு நிமிடத்தில் தப்பித்தோம்.

ஆன்றோவைக் கூப்பிட்டு, அந்தக் காவல் கருவியைச் சுற்றி ஒரு ஒயர் கொடுத்து அதை ஊமையாக்கிவிடச் சொன்னேன். ஆன்றோ முட்டத்துக்காரன். அப்பா கடலுக்குப் போகிறவர். இவன் ஐ.டி.ஐ. படித்து, வளைகுடாவில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அங்கே கற்றுக்கொண்ட பழக்கமோ என்னவோ, முடியாது என்பதை முடியாது என்றே சொல்வான்.

"சாரே, அது கட் ஆவுறது நமக்க நல்லதுக்காக்கும். கழுவுறது பொம்பளையளு, நனைஞ்ச காலோட நிக்கியவ. நான் இதுல கை வைக்க மாட்டேன். நீங்களும் வைக்காதீங்க."

மேலதிகாரியிடம் பேசும் தொனியா இது என்று தாங்களே சொல்லுங்கள். மறுநாளே அவனைத் திற்பரப்புக்கு மாற்றினேன். அருவிக்கு வருகிறவர்கள் நிற்கும் நிழற்குடையில் எங்களுக்கு நாலு டியூப்லைட் இருந்தது. வளைகுடா அனுபவம் வீணாகாது. பிறகு ஒயரை நானே கொடுத்தேன். ஒரு சார்ஜருக்கு ஒரு சாண் வீதம் ஆறு சாண் ஒயர். சார்ஜர் பெட்டிகளின் சாவி பதிவேட்டில் ஆன்றோ பெயரிலேயே இருந்தது. அவன் அவசரமாகப் போனதால் திருப்பி எழுதவில்லை. அடுத்தவர் கணக்கைத் திருத்துவது என் வழக்கமில்லை.

இருபதாம் நாளிலிருந்து ஒரு சார்ஜரும் அணையவில்லை. எல்லா வண்டியும் நேரத்துக்குப் போயின. சென்னையிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, கடலோர ஊர்களுக்கு நாங்கள்தான் முன்மாதிரி என்று குறிப்பெழுதிவிட்டுப் போனது.

முப்பதாம் நாள் போல லீலாபாய் என் அறை வாசலில் வந்து நின்றாள். வண்டி கழுவுகிற ஆறு பெண்களில் மூத்தவள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வேலையில்தான் மகளை நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"சாரே, சார்ஜுல கெடக்குற வண்டியில கை வச்சா சுருக்குன்னு பிடிக்குது. நேத்தைக்கு முழங்கை வரைக்கும் மரத்துப் போச்சு. ஆன்றோ தம்பி இருந்தா பாத்திருப்பான்."

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அன்றைக்கே செட்டிகுளம் கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு, என் சொந்தக் காசில், அவரவர் அளவு கேட்டு வாங்கி வந்தேன். போட்டுக்கொண்டு கழுவினால் ஒன்றும் செய்யாது என்றேன். பெரும்பாலும் அது உண்மைதான். லீலாபாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் கழுவுகிறவர்கள் காலைப் பார்த்த ஆபீசர் நான் ஒருவன்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நடுவில் சத்தியபாய் என்பவள் ஒரு நாள் தூக்கி எறியப்பட்டு மணிக்கட்டு பிசகியது. ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார் என்று பதிவு செய்தேன். தரை ஈரமாக இருந்தது, அவள் விழுந்தாள். இரண்டும் பொய்யில்லை.

ஆன்றோ திற்பரப்பிலிருந்து ஒரு கடிதம் போட்டான். ஒயரை எடுத்துவிடுங்கள், ஒரு உயிர் போனால் திரும்பக் கிடைக்காது என்று. அதை ஆலோசனைகள் என்ற கோப்பில் சேர்த்தேன். எடுத்துவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன், நூறு நாள் முடிந்த மறுநாள்.

நூறாவது நாள் காலை டெப்போவில் நன்றி ஜெபம் வைத்தார் சிலுவைதாசன். போதகர் வந்தார், சங்கத்து உறுப்பினர்கள் வந்தார்கள், பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். முந்தின நாள் மின்தடை இருந்ததால் ஆறரை வண்டி இன்னும் சார்ஜில் நின்றது. மாலை போட்டு அலங்கரித்ததும் அதே வண்டிதான். அதை லீலாபாய் அப்போதுதான் கழுவி முடித்திருந்தாள், தரையில் தண்ணீர் நின்றது. விருந்தினர்களின் ஷூ நனையக் கூடாது என்று ரப்பர் பாய் விரிக்கச் சொல்லியிருந்தேன். பாய் பத்துப் பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. கழுவுகிறவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்குத்தான் செருப்பு இருக்கிறதே.

ஆறு இருபதுக்கு ஜெபம் ஆரம்பித்தது. எல்லாரும் வண்டியில் ஒரு கை வைத்துக்கொள்ளுவோம் என்றார் போதகர். புது வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் ஜெபிப்போம். எல்லாரும் கண்ணை மூடினார்கள். சின்ன வயதிலிருந்தே ஜெபத்தில் எனக்குக் கண் மூடாது, அம்மா எத்தனையோ தடவை கிள்ளியிருக்கிறாள். அதனால் நான் பார்த்தேன். லீலாபாய் குனிந்து, செருப்பைக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு தண்ணீரில் நின்று, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தாள். கோயிலானாலும் குடிசையானாலும் ஜெபம் என்றால் செருப்பைக் கழற்றுகிற ஜனங்கள். மற்ற ஐந்து பேரும் கழற்றினார்கள், ஆனால் வண்டியில் தொங்கிய பூமாலையில்தான் கை வைத்தார்கள்.

அவள் நடுங்க ஆரம்பித்தாள். சத்தம் வரவில்லை. லீலாபாய் ஞாயிற்றுக்கிழமை போவது பெந்தெகொஸ்தே சபைக்கு. அங்கே ஜெபத்தில் அவள் நடுங்குவாள் என்பது டெப்போ முழுக்கத் தெரியும். ஓரக்கண்ணால் பார்த்த டிரைவர் ஒருவர் ஸ்தோத்திரம் என்றார். போதகர் குரலை உயர்த்தினார். பக்கத்தில் நின்ற சத்தியபாய் அழுதுகொண்டே அல்லேலூயா சொன்னாள். ஆவி இறங்கியிருக்கிறது என்று அத்தனை பேரும் நினைத்தார்கள். என்ன இறங்கியிருக்கிறது என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

இதற்குப் பிறகு நடந்ததாகப் பத்திரிகையில் வந்ததைத் தாங்களும் அறிக்கையில் எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். நிலைமையை முதலில் உணர்ந்த தொழில்நுட்ப அலுவலர் ஜாஸ்பர், ஸ்டோர் அறைக்குப் போய்க் காய்ந்த மூங்கில் கம்பு ஒன்றை எடுத்துவந்து, தன் உயிரைப் பொருட்படுத்தாமல் அவர் கையைத் தட்டி விடுவித்தார். உண்மைதான். சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. அன்று மத்தியானமே ஆறு ஒயரையும் கழற்றிவிட்டேன். அதனால்தான் தங்கள் நிபுணர்களுக்கு, சார்ஜர் ஏன் அணையவில்லை என்று விளங்காமல், தரக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒயர்களை இத்துடன் உறையில் வைத்திருக்கிறேன். சார்ஜர்களை மறுபடி சோதித்துப் பாருங்கள். ஒரு குறை இருக்காது. ஆன்றோவைப் பற்றிய வரியையும் அப்படியே எடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் லீலாபாயின் மகள் ஷைஜா என் வீட்டுக்கு வந்தாள். காப்பாற்றப் பார்த்ததற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள். ஒரு சீப்பு மட்டிப்பழமும் கொண்டு வந்திருந்தாள்.

"அம்மைக்கு ஜெபத்துக்க நடுவுலதான உயிரு போச்சு சாரே. அவளுக்கு வேதனை தெரிஞ்சிருக்காது, இல்லியா?"

தெரிந்திருக்காது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. நாற்பது பேருந்து வரும்போது ஒன்றுக்கு லீலாபாய் என்று பெயர் வைக்கலாம் என்று அப்போதே தீர்மானித்தேன். தங்கள் அறிக்கையிலும் அதைப் பரிந்துரைக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், பெரிய வேலையில்லை.

முழு உண்மையும் பதிவாக வேண்டும் என்பதால் ஒரு விவரத்தையும் சேர்த்துவிடுகிறேன். மெயின் சுவிட்ச் எனக்குப் பின்னால் தூணில் இருந்தது. சிவப்புக் கைப்பிடி. மேற்பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து கை நீட்டினால் எட்ட வேண்டும் என்பது என் ஆவணத்திலேயே உள்ள விதி. எட்டியது. கைப்பிடியில் கை வைக்கவும் செய்தேன். ஆனால் அதை இழுத்தால் ஆறு சார்ஜரும் அணைந்துவிடும், மறுபடி உயிர் பெற இருபத்தைந்து நிமிடம். அப்போது மணி ஆறு இருபத்திரண்டு. ஆறரை வண்டிக்கு இன்னும் ஆறு நிமிடச் சார்ஜ் தேவை. அணைத்திருந்தால் ஆறு ஐம்பத்து மூன்றுக்கு முன் அது கிளம்பியிருக்காது. தொண்ணூற்றொன்பது நாள் ஓடியதெல்லாம் பாழ்.

மின்சாரம் தாக்கியவரைக் காய்ந்த மரக்கம்பால் விடுவிக்கலாம் என்று பாதுகாப்பு அட்டையில் இரண்டாவது வழியாகப் போட்டிருக்கிறது. முதல் வழி சுவிட்ச். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்டோர் அறைக்குப் போக நாற்பது எட்டு, திரும்பி வர நாற்பது எட்டு. ஓடவில்லை, ஈரத்தரையில் ஓடக் கூடாது. போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எதற்குப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்த மாதிரி இருந்தது. நம்பிக்கையோடுதான் பார்த்தாள்.

நான் திரும்பி வந்து கம்பால் தட்டியபோது அவள் மரம் மாதிரி விழுந்தாள். எல்லாரையும் வண்டியிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னேன். சிலுவைதாசனின் காரில் அவளை ஏற்றி அனுப்பினார்கள். அதுவரை வண்டி சார்ஜில்தான் நின்றது. ஆறு இருபத்தெட்டுக்கு நானே கேபிளைக் கழற்றினேன். ஆறரைக்கு வண்டி கிளம்பியது.

அன்றைய பயணிகள் கருத்துப் புத்தகத்தைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆறரை வண்டியில் கன்னியாகுமரிக்குப் போன ஒரு வாத்தியார், இவ்வளவு சுத்தமான பஸ்ஸில் தான் ஏறியதே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் சொன்னது சரிதான். லீலாபாயின் வேலையில் நான் ஒரு நாளும் குறை கண்டதில்லை.